11, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் இலக்கணம்: எந்தப் புத்தகம், எங்கிருந்து தொடங்குவது?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 11. இரண்டு வருடமாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கு, அறிவியல் எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டன. ஆங்கில இலக்கணத்துக்குப் பெரியவள் ரென் அண்டு மார்ட்டின் வைத்திருக்கிறாள், அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது, அதனால் அந்தக் கவலை இல்லை. நான் வழி தெரியாமல் நிற்பது தமிழ் இலக்கணத்தில்.

இருவரும் தமிழ் நன்றாகப் படிப்பார்கள். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சோறு ஆறிப்போகும் வரை எழுந்து வரமாட்டார்கள். தினமும் ராத்திரி அரைப் பக்கம் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். ஆனால் எழுதும்போது ஒற்று, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் வரவேண்டிய க், ச், த், ப், விழவே விழாது. போன வாரம் சின்னவன் எழுதியது இது: "நேற்று மாமாவுடன் சந்தைக்கு போனேன். மாமா அந்த காளையை பிடித்து கொண்டார்." இரண்டே வரி, நான்கு இடத்தில் ஒற்று இல்லை. படிக்கும்போது கண்ணில் பட்ட சொல்தானே, எழுதும்போது ஏன் கைக்கு வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இதுவரை மூன்று முயற்சி செய்தேன். முதலில் போன ஜூனில் ஆறாம் வகுப்புப் பாடநூலை எடுத்து முதல் இயலிலிருந்து வரிசையாகப் போனோம். எழுத்துகளின் வகை தொகை, முதலெழுத்து, சார்பெழுத்து, மொழி முதல் எழுத்துகள், மொழி இறுதி எழுத்துகள். மூன்றாவது வாரத்தில் பெரியவள், "அம்மா, இது தெரிந்து நான் என்ன எழுதப் போகிறேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

அப்புறம் நேரடியாக ஒற்றுக்கே போய்விடலாம் என்று, அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்கினால் நடுவில் ஒற்று வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கடுத்த நாட்குறிப்பில் "மழைப் பெய்தது. தம்பிச் சிரித்தான். மாடுக் கத்தியது" என்று வந்தது. முன்பு இல்லாத பிழையை நானே கொண்டுவந்துவிட்டேன் என்று மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்றாவதாகக் கடையில் ஒரு கைடு வாங்கினேன். அதில் வரையறையும் எடுத்துக்காட்டும் கேள்வி பதிலும் மட்டும்தான். மனப்பாடம் செய்தார்கள், மறந்தார்கள்.

இப்போது என் முன்னால் இருப்பவை: ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகளை மட்டும் எடுத்து நடத்துவது; ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம்; நன்னூலை நூற்பா நூற்பாவாக நடத்தும் ஒரு ஆன்லைன் வகுப்பு; அல்லது புத்தகமே இல்லாமல், படித்துப் படித்துத் தானாக வரட்டும் என்று விட்டுவிடுவது. பெரியவள் இன்னும் இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதவேண்டியிருக்கும் என்பதால் கடைசி வழிக்கு மனசு வரவில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நான் பள்ளியில் தமிழ்தான் முதல் மொழியாகப் படித்தேன், ஆனால் இலக்கணம் என்றாலே மதிப்பெண் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.


மதுரைக்காரி எழுதியது:

உங்கள் பதிவைப் படித்ததும் மூன்று வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது அக்கா. என் பையனும் வீட்டுக்கல்விதான், இப்போது என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) செகண்டரி, அதாவது பத்தாம் வகுப்புக்கு இணையானது, முடித்துவிட்டான். எங்களுக்குப் பலன் கொடுத்தது நீங்கள் சொன்ன முதல் வழிதான், மாநிலப் பாடநூல்கள். ஆனால் வரிசையை முழுக்கக் கலைத்துப் போட்டோம்.

ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் ஆறாம் வகுப்பு முக்கால்வாசி எழுத்து பற்றியது. பெயர்ச்சொல்லே கடைசிப் பருவத்தில்தான் வரும். ஏழாவதில் குற்றியலுகரம், குறுக்கங்கள், வழக்கு, பகுபதம், ஆகுபெயர் என்று போகும். ஒரு வாக்கியம் எப்படி நிற்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுகிற பாடங்கள், அதாவது வினைமுற்று, எச்சம், வேற்றுமை, தொகைநிலைத் தொடர், புணர்ச்சி, வல்லினம் மிகும் இடம், மிகா இடம், இவை எல்லாம் எட்டாம் வகுப்பில் குவிந்து கிடக்கின்றன. நாட்குறிப்பு எழுதுகிற பிள்ளைக்கு இன்றைக்குத் தேவை அதுதான். பள்ளியில் இருந்தால் அதற்காக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

நாங்கள் வேற்றுமையில் தொடங்கினோம். வாரத்துக்கு ஒரு உருபு (ஐ, கு, இல் மாதிரி பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது), அவ்வளவுதான். முதல் வாரம் 'ஐ'. சமையலறையில் நின்றுகொண்டே, "பூனை எலி பிடித்தது, யார் யாரைப் பிடித்தது?" என்று கேட்பேன். பூனைதான் பிடிக்கும் என்று நமக்குத் தெரிவதால் அதில் குழப்பம் வராது. அடுத்து "ராமு சோமு அடித்தான்" என்பேன். யார் அடித்தான், யார் அடி வாங்கினான்? சொல்லவே முடியாது. ராமுவை என்று ஒரு 'ஐ' சேர்த்துப் பார், சோமுவை என்று சேர்த்துப் பார், கதை தலைகீழாக மாறும். இடத்தை மாற்றி "சோமுவை ராமு அடித்தான்" என்றாலும் அடி வாங்கியவன் சோமுதான். அந்த ஒரு நாளில் உருபு என்ன வேலை செய்கிறது என்று பையனுக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் பாடநூலைத் திறந்து 'இரண்டாம் வேற்றுமை' என்ற பெயரைக் காட்டினேன். பெயரை முதலில் சொல்லியிருந்தால் அதுவும் கைடு மாதிரியே ஆகியிருக்கும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள், அதற்கு மேல் இல்லை. ஐந்தாவது நாள் அந்த வாரத்து நாட்குறிப்பை எடுத்து அந்த ஒரு உருபை மட்டும் தேடி வட்டம் போடச் சொல்வேன். மற்ற பிழைகள் கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆங்கிலமும் கூடவே படிக்கிறார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே படித்ததை இங்கே தேடுவார்கள். என் பையன் தமிழில் 'ப்ரெபொசிஷன்' எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்பது இங்கே பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உருபாக வரும் என்று ஒருமுறை சேர்த்து வைத்துக் காட்டியதும் இரண்டு மொழியுமே தெளிவானது. உங்கள் பெரியவளுக்கு இது உடனே புரியும்.

தேர்வு பற்றி: என்.ஐ.ஓ.எஸ். செகண்டரி எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், தமிழ் வழியிலும் எழுதலாம். அதற்கு முன்னால் ஒரு சான்றிதழ் கையில் இருக்கட்டும் என்று நினைத்தால் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, அதற்கு 12½ வயது. அதில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம். அந்த வழியில் போவதானால் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எப்படியும் முழுதாக முடிக்க வேண்டியிருக்கும், அதனால் இப்போதே அதைக் கையில் எடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கின்றன.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, வணக்கம். தென்காசிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தியவன். மேலே சகோதரி சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. வேற்றுமையில் தொடங்குங்கள், மிக நல்ல வாசல் அது. ஆனால் எழுத்தைத் தள்ளிவிட்டு ஒற்றுக்குப் போகவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். போனால் உங்கள் மகனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பாடநூல் எழுத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியமே எழுத்து, சொல், பொருள் என்ற வரிசையில்தான் போகிறது. பவணந்தி முனிவர் செய்த நன்னூலும் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்றுதான் இருக்கிறது. புணர்ச்சி வருவது எழுத்ததிகாரத்தில். இரண்டு சொல் சந்திக்கும்போது உண்மையில் சந்திப்பவை முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும்தான். அதனால்தான் மொழி முதல், மொழி இறுதி என்று ஆறாம் வகுப்பிலேயே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் ஒப்பிக்க வைத்தால் அவர்களுக்கு அலுக்கத்தான் செய்யும், அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

நான் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு வாயால் சேர்த்துச் சொல்லச் சொல்வேன். காசு, இல்லை. "காசில்லை" என்பார்கள். பசு, இல்லை. "பசுவில்லை" என்பார்கள். இரண்டுமே 'சு'வில்தான் முடிகின்றன, ஒன்றில் உகரம் காணாமல் போனது, இன்னொன்றில் போகாமல் நின்று நடுவில் ஒரு வகரம் வந்தது. ஏன் "பசில்லை" என்று யாருமே சொல்லவில்லை? வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். கடைசி பெஞ்சில் இருப்பவனும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். அதற்குப் பிறகு காசு என்பதில் கடைசி உகரம் தன் மாத்திரையில் பாதியாகக் குறுகி ஒலிக்கிறது, பசு என்பதில் தனிக்குறிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் குறுகாமல் முழுதாக ஒலிக்கிறது என்று சொன்னால் குற்றியலுகரம், முற்றியலுகரம் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். நன்னூல் இதை ஒரே வரியில் சொல்கிறது, "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்". அடுத்து உயிரெழுத்து வந்தால் குறுகிய உகரம் தான் ஏறியிருந்த மெய்யை விட்டுவிட்டு ஓடிப்போகும். 'ஓடும்' என்ற சொல்லைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

அடுத்த நாள் வீடு, இல்லை. "வீடில்லை." சரி, உகரம் ஓடிவிட்டது. வீடு, இல். "வீட்டில்." இங்கே ஏன் டகரம் இரட்டித்தது? முன்னதில் வேற்றுமை இல்லை, வீடுதான் எழுவாய். பின்னதில் ஏழாம் வேற்றுமை உருபு வந்து சேர்கிறது. ஆறு, ஆற்றில். கயிறு, கயிற்றில். இங்கே பாருங்கள், எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும், வேற்றுமையும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விளக்க முடியாது. அதனால் வேற்றுமையும் குற்றியலுகரமும் ஒன்றன்பின் ஒன்றாகவோ, ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாகவோ போகட்டும். இரண்டும் ஓரளவு கைவந்த பிறகு புணர்ச்சி. வல்லினம் மிகுவது அதற்கும் பிறகு. மயங்கொலி, சுட்டு, வினா இவற்றை நடுநடுவே ஒரு நாள், இரண்டு நாள் எடுத்து முடித்துவிடலாம். ஓரெழுத்து ஒருமொழி 42 என்ற பட்டியல், குறுக்கங்கள் போன்றவை தேர்வுக்கு முந்தைய மாதம் படித்தால் போதும்.

நாவலரின் இலக்கணச் சுருக்கம் பற்றிக் கேட்டீர்கள். அருமையான நூல். நன்னூலின் செய்தியை உரைநடையில் சுருக்கித் தந்து, பகுதிதோறும் தேர்வு வினாக்களும் கொடுத்திருப்பார். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டு உரைநடை, 11 வயதுப் பிள்ளை கையில் கொடுக்கக்கூடியது அல்ல. நீங்கள் வாங்கி நீங்கள் படியுங்கள். ஒரு பாடத்துக்கு முந்தின இரவு அதில் இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போனால், பிள்ளை எதைக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லலாம். நன்னூலை நூற்பா வரிசையில் நடத்தும் வகுப்பு இப்போது வேண்டாம். 462 நூற்பா, அவற்றில் பிள்ளைக்கு இன்று உதவுவது இருபது இருக்கலாம். அந்த இருபதை எழுதித் தருகிறேன், சமயம் வரும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுங்கள். சுவையாகச் சொன்னால் பெரியவள் தானே நன்னூலைத் தேடி எடுப்பாள், அப்போது வகுப்பில் சேர்க்கலாம்.


மெய்ப்புப் பார்ப்பவன் எழுதியது:

இருபது வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பாடத்திட்டம் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பையனின் அந்த இரண்டு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் மேஜைக்கு வருகிற பெரியவர்களின் கையெழுத்துப் படிகளிலும் அதே நான்கு பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சந்தைக்குப் போனேன்: 'கு' உருபுக்குப் பின் மிகும், அதாவது ஒற்று வரும். அந்தக் காளை: அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி இவற்றுக்குப் பின் மிகும். காளையைப் பிடித்து: 'ஐ' உருபுக்குப் பின் மிகும். பிடித்துக் கொண்டார்: இது வினையெச்சம், அதைக் கீழே சொல்கிறேன். முதல் மூன்றை மட்டும் பிள்ளை பிடித்துக்கொண்டாலே நாட்குறிப்பில் விடுபடும் ஒற்றில் பெரும்பகுதி சரியாகிவிடும். மூன்றும் கண்ணுக்கு முன்னால் எழுத்தாகவே தெரியும் அடையாளங்கள், யோசிக்கவே வேண்டாம். அதனால் முதல் ஒரு மாதம் அவை போதும்.

"மழைப் பெய்தது" ஏன் வந்தது என்றால், மழை என்பதிலும் ஐகாரம் இருக்கிறதே, அதுவும் உருபு என்று பிள்ளை நினைத்திருக்கலாம். இதற்கு நான் எப்போதும் சொல்கிற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. "வேலை கொடுத்தான்" என்று எழுதினால் ஒருவனுக்குப் பிழைப்பு கிடைத்தது. "வேலைக் கொடுத்தான்" என்று எழுதினால் அவன் கையில் வேல் வந்தது. முன்னதில் வேலை என்பதே முழுச் சொல், பின்னதில் வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்திருக்கிறது. இரண்டையும் தாளில் எழுதி இரண்டுக்கும் படம் வரையச் சொல்லுங்கள். ஒரு படத்தில் மண்வெட்டி இருக்கும், இன்னொன்றில் வேல் இருக்கும். வரைந்து முடித்த பிறகு மழை என்பதில் ஐ-யைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள், அவனே முடியாது என்பான்.

மிகாத இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது எழுவாய். யார் செய்தார், எது செய்தது என்று கேட்டால் வருகிற சொல்லுக்குப் பின்னால் பொதுவாக ஒற்று கிடையாது. தம்பி சிரித்தான், மாடு கத்தியது, குதிரை பாய்ந்தது. இந்த ஒன்றே உங்கள் வீட்டில் புதிதாக வந்த பிழை மூன்றையும் நிறுத்திவிடும். இரண்டாவது, பெயரெச்சம். வந்த பையன், ஓடாத குதிரை. "ஓடாக் குதிரை" என்று 'த' கெட்டு நின்றால் மட்டும் மிகும், அதை இப்போது சொல்ல வேண்டாம். மூன்றாவது, வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய், குடிதண்ணீர். இவற்றில் பிள்ளைகள் பொதுவாகத் தவறு செய்வதில்லை, வாய்ப்பழக்கமே காப்பாற்றிவிடும்.

வினையெச்சத்துக்கு வருகிறேன். ஓடிப் போனான், போய்ப் பார்த்தாள், வரச் சொன்னார், இவை எல்லாம் மிகும். 'து' என்று முடிகிற எச்சத்தில்தான் சிக்கல். பிடித்துக் கொண்டார் என்பதில் மிகும், வந்து போனார் என்பதில் மிகாது, செய்து கொடுத்தார் என்பதிலும் மிகாது. மூன்றுமே குற்றியலுகரம். கடைசி எழுத்துக்கு முந்தின எழுத்தைப் பாருங்கள், பிடித்து என்பதில் 'த்' என்ற வல்லினம், வந்து என்பதில் 'ந்' என்ற மெல்லினம், செய்து என்பதில் 'ய்' என்ற இடையினம். வன்தொடராக, அதாவது அந்த முந்தின எழுத்து வல்லினமாக, இருந்தால் மட்டும் மிகும். ஐயா சொன்னது எவ்வளவு சரி என்று இங்கே தெரியும். குற்றியலுகரத்தின் ஆறு வகையைப் பிள்ளை ஒப்பிக்கிறான் என்றால், அதில் வன்தொடர் என்ற ஒன்று அன்றாடம் எழுதும்போது உதவுகிறது.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு செய்தித்தாளில் பத்து வரிப் பத்தி ஒன்றை எடுத்து, ஒற்றை எல்லாம் நீக்கி உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள், பிள்ளை சேர்க்கட்டும். வாரம் இருமுறை சொல்வதெழுதுதல் வையுங்கள், ஒற்று வரும் இடத்தில் அழுத்தாமல் சாதாரணமாகப் படியுங்கள். ஆனால் செய்தித்தாளே விடையாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அங்கேயும் பிழை உண்டு. பாடநூலின் உரைநடைப் பாடத்தை எடுத்தால் இன்னும் பாதுகாப்பு. எழுத்துகளா எழுத்துக்களா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற கேள்வி வந்தால் பாடநூலில் இருக்கிறபடி எழுத்துகள், வாழ்த்துகள் என்றே பழக்குங்கள். அதில் தமிழறிஞர்களுக்கு உள்ளேயே இரண்டு கருத்து உண்டு, பிள்ளைக்கு இந்த வயதில் ஒன்று போதும்.


பவானிக்கரை எழுதியது:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் போடாததற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

கைடைப் பரணில் வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பாடநூலில் வேற்றுமைப் பாடத்தையும் ஏழாம் வகுப்பில் குற்றியலுகரத்தையும் மாற்றி மாற்றிப் போகிறோம். ராமு சோமு விளையாட்டு பெரியவளுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, ஆனால் சின்னவன் மூன்று நாள் அதையே வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "அப்பா பூரி சாப்பிட்டது" என்று தொடங்கி அவனே சிரித்துக்கொள்வான்.

காசில்லை, பசுவில்லை கேட்டபோது இருவருமே உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவள் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, வீட்டில் கண்ணில் படுகிற உகரத்தில் முடியும் சொல்லை எல்லாம் எழுதத் தொடங்கினாள். விறகு, அடுப்பு, கரண்டிக்காம்பு, அரிசிச்சாக்கு ஒரு பக்கம். தெரு, பசு, மரு, கொசு இன்னொரு பக்கம். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு சண்டை. 'வு' வல்லினம் இல்லை, அதனால் அது குற்றியலுகரமே இல்லை என்று அவளே புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை மாதத்தில் அவள் தானாக இலக்கணப் புத்தகத்தைத் திறந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

வேல் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். சின்னவனின் நேற்றைய நாட்குறிப்பு: "மழை பெய்தது. நாங்கள் திண்ணைக்குப் போனோம். பாட்டி அந்தப் பாயை எடுத்து கொடுத்தார்." ஒன்றுதான் விட்டிருக்கிறான், அதுவும் நாங்கள் இன்னும் தொடாத வினையெச்சம். மதுரைக்காரி சொன்னபடி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை, அது கஷ்டம்தான்.

இன்னொன்று பெரியவள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. பாட்டு பாடினாளா, பாட்டுப் பாடினாளா? பாட்டை என்று உருபு இல்லை, மறைந்துதானே இருக்கிறது. "நீர் குடித்தான்", "தமிழ் கற்றாள்" இவற்றில் உருபு மறைந்திருந்தால் மிகாது என்று பாடநூலில் பார்த்தோம். அப்படியானால் இங்கேயும் மிகாது என்கிறாள். ஆனால் காதுக்கு ஒற்று இருப்பது போலக் கேட்கிறது என்றும் சொல்கிறாள். ஐயா கொஞ்சம் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று சேர்த்துக் கேட்டாளே, அதில் மிகவும் மகிழ்ந்தேன்.

அவள் சொன்ன விதி சரிதான். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நின்றால் பொதுவாக மிகாது. நீர், தமிழ் இரண்டும் மெய்யில் முடிபவை. ஆனால் பாட்டு என்பது அவள் நோட்டில் முதல் பத்தியில் வரவேண்டிய சொல். 'டு'வுக்கு முன்னால் 'ட்' இருக்கிறது, ஆகவே வன்தொடர்க் குற்றியலுகரம். வன்தொடருக்குப் பின்னால் வல்லினம் வந்தால் வேற்றுமையானாலும், வேற்றுமை அல்லாத அல்வழியானாலும் மிகும். எனவே பாட்டுப் பாடினாள் என்பதே சரி. சங்க நூல்களின் பெயரையே பார்க்கச் சொல்லுங்கள், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை. பத்து, எட்டு இரண்டும் வன்தொடர். ஐந்து, ஒன்பது என்ற எண்களோடு அதே பாட்டைச் சேர்த்து வாயால் சொல்லிப் பார்க்கட்டும், ஐந்து பாட்டு, ஒன்பது பாட்டு, ஒற்று வராது.

அந்த முதல் பத்தியை இப்போது ஆறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். விறகு ஒரு வகை, அடுப்பு வேறு வகை. அடுப்பும் சாக்கும் ஒரே கட்டத்தில் வரும், அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் எழுதட்டும். தம்பி விட்ட "எடுத்து கொடுத்தார்" எந்தக் கட்டம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், நோட்டை அவளிடம் கொடுத்துத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்த இருபது நூற்பாவை எழுதி முடித்துவிட்டேன், நாளைக்குப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.